41 கோப்புறைகள், 23 ஸ்டாஷ்கள்: எங்கிருந்து தொடங்குவது?

அரைப்புள்ளி
திங்கள், இரவு 11.40

இன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரித்துவிட்டு உதவுங்கள்.

மாலையில் அவசரமாக ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருந்தது. வரி கணக்கிடும் இடத்தில் ஒரே ஒரு நிபந்தனை தவறு. ஐந்து நிமிட வேலை. திருத்தி ஓட்டிப் பார்த்தேன், பழைய விடையே வந்தது. மறுபடி திருத்தினேன், அதே விடை. பிரௌசரின் கேச்சைத் துடைத்தேன். சர்வரை அதே டெர்மினலில் நிறுத்தித் தொடங்கினேன். கடைசியில், ‘இங்கே வந்துவிட்டேன்’ என்று அச்சிடும் ஒரு வரியை அந்தச் செயற்கூறின் தலையிலேயே வைத்தேன். அது அச்சாகவே இல்லை. நிரல் அந்தப் பக்கமே வரவில்லை என்றால் விடை எங்கிருந்து வருகிறது? ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. நான் திருத்திக்கொண்டிருந்தது ‘பில்லிங்2’ கோப்புறையில். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது ‘பில்லிங்_புதியது’ கோப்புறையிலிருந்து.

‘வேலை’ என்ற ஒரே கோப்புறைக்குள் நான்கு ஆண்டுகளாக எல்லாவற்றையும் கொட்டி வந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன்: 41 கோப்புறைகள். அவற்றில் ஒரே திட்டத்துக்கு மட்டும் ஐந்து நகல்கள்: பில்லிங், பில்லிங்2, பில்லிங்_புதியது, பில்லிங்_இதுதான், பில்லிங்_தொடாதே. கடைசிப் பெயரை வைத்தது நானேதான். ஏன் தொடக்கூடாது என்பது மறந்துவிட்டது. பில்லிங்2-இல் மட்டும் 23 ஸ்டாஷ்கள் (பாதியில் ஒதுக்கி வைத்த மாற்றங்கள்), அறுபதுக்கு மேல் கிளைகள் (ஒரே நிரலின் இணை வடிவங்கள்). எடிட்டரில் திறந்து கிடக்கும் டாப்களை எண்ணவில்லை. எண்ணினால் தூக்கம் வராது.

மனத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர்வாரியாக ஒரு அடுக்கு, அதற்குள் ஆண்டு, அதற்குள் மொழி. எல்லாவற்றையும் அப்படிப் பிரித்து அடுக்கிவிடலாம் என்று பார்க்கிறேன். சரிவருமா?


தீக்குச்சி
திங்கள், இரவு 11.52

அடுக்காதீர்கள். ‘வேலை’ கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு, நாளை காலை எது தேவையோ அதை மட்டும் நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் கிட் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படித்தான் செய்கிறேன். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும் கிட் எதற்கு இருக்கிறது?


நத்தைவேகம்
செவ்வாய், காலை 7.15

தீக்குச்சி, உங்கள் பெயருக்கு ஏற்ற யோசனை. நானும் ஒருநாள் அப்படி இருந்தவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடு திரும்பும் அவசரத்தில், திட்டத்தின் கோப்புறையைச் சுத்தமாக்க ‘கிட் கிளீன்’ கட்டளையை எஃப், டி, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்து ஓட்டினேன். அரை நொடியில் முடிந்தது. தொகுத்த கோப்புகள், நோட் மாட்யூல்ஸ் (திட்டத்துக்காக இறக்கிய நூலகங்கள்) எல்லாம் போயின, அதைத்தான் விரும்பினேன். கூடவே ‘டாட் என்வ்’ கோப்பும் போனது. அதற்குள் கடவுச்சொல் போன்ற பதினோரு சாவிகள் இருந்தன: சோதனைக்கான கட்டண வாயிலின் சாவி, மின்னஞ்சல் சேவையின் சாவி, இப்படி. ஒவ்வொன்றையும் எப்போதோ ஒவ்வொருவரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அவர்களில் இருவர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பச் சேகரித்து முடிக்கும்போது புதன்கிழமை மாலை ஆகியிருந்தது.

எக்ஸ் என்ற எழுத்து என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். கிட் கண்டுகொள்ளக்கூடாது என்று நாம் எழுதிவைக்கும் கிட்இக்னோர் பட்டியலில் இருக்கும் கோப்புகளையும் சேர்த்து அழிக்கச் சொல்வது அது. அந்தப் பட்டியலில் இரண்டு வகைக் கோப்புகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு வகை, ‘இது அற்பம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும்’ என்பதால் சேர்க்கப்பட்டது; நோட் மாட்யூல்ஸ், பில்ட் கோப்புறை போன்றவை. இன்னொரு வகை, ‘இது ரகசியம், வெளியே போகக்கூடாது’ என்பதால் சேர்க்கப்பட்டது. குப்பையும் பெட்டிச் சாவியும் ஒரே பட்டியலில். கிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போதெல்லாம் முதலில் ‘என்’ சேர்த்து ஓட்டுகிறேன். எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று மட்டும் சொல்லும். டாட் என்வை விட்டுவைக்க ‘இ’ என்ற எழுத்தோடு அதன் பெயரைக் கொடுக்கலாம். ‘ஐ’ கொடுத்தால் அழிக்கும் முன் ஒரு பட்டியலைக் காட்டும், அதில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்கும் வழியும் உண்டு.


பழைய_விசைப்பலகை
செவ்வாய், காலை 9.05

அரைப்புள்ளி, உங்கள் மூன்றடுக்குத் திட்டத்தைப் பற்றி. வாடிக்கையாளர், ஆண்டு, மொழி என்று பிரித்தால் முதல் வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாம் வாரம், இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான ஒரு நூலகம் வரும். சென்ற ஆண்டு தொடங்கி இந்த ஆண்டும் ஓடும் திட்டம் எந்த ஆண்டில் இருக்க வேண்டும்? பாதி பைத்தானும் பாதி டைப்ஸ்கிரிப்ட்டுமாக எழுதியது எந்த மொழி? ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் யோசித்துவிட்டு, கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கோப்புறை போடுவீர்கள். ஆறு மாதத்தில் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நானே மூன்று ‘மற்றவை’களைப் பார்த்துவிட்டேன்.

உங்கள் 41 கோப்புறைகள் எங்கே இருக்கின்றன என்பது பெரிய சிக்கல் இல்லை. எதையும் அழிக்கத் துணிவு வரவில்லை, அதுதான் சிக்கல். ஏன் வரவில்லை? எதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாததால் வைத்துக்கொள்கிறீர்கள். வைத்திருப்பதால் இன்னும் தெரியாமல் போகிறது. நத்தைவேகம் சொன்ன அதே பிரிவைக் கோப்புறை முழுவதற்கும் செய்யுங்கள். இதைத் திரும்ப உருவாக்க முடியுமா, அல்லது உலகத்திலேயே இந்த மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறதா? முதல் வகையை இரக்கமில்லாமல் அழிக்கலாம். இரண்டாம் வகையை அழிக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம். அது இருக்க வேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.


அரைப்புள்ளி
செவ்வாய், காலை 9.30

புரிகிறது. ஆனால் ஒரு கோப்புறையைப் பார்த்து, ‘இங்கே மட்டும் இருப்பது எது’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 41 முறை உள்ளே போய்த் துழாவ வேண்டுமா?


பழைய_விசைப்பலகை
செவ்வாய், காலை 10.20

துழாவ வேண்டாம், கேள்வி கேட்டால் போதும். கிட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையிலும்:

முதலில் ‘கிட் ரிமோட்’, வி சேர்த்து. எந்தச் சர்வரோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும். ஒன்றும் வரவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். அது முழுக்க முழுக்க உங்கள் கணினியில் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

ரிமோட் இருந்தால், சர்வரிலிருந்து ஒருமுறை ஃபெட்ச் செய்துவிட்டு (புதிய நிலவரத்தை இறக்கிவிட்டு), ‘கிட் லாக்’ கட்டளையை ‘பிராஞ்சஸ்’, ‘நாட்’, ‘ரிமோட்ஸ்’ என்ற மூன்று சொற்களோடு ஓட்டுங்கள். உங்கள் கிளைகளில் இருந்தும் எந்தச் சர்வர் கிளையிலும் இல்லாத கமிட்கள் (பதிவு செய்த மாற்றங்கள்) மட்டும் வரும். அதன் பிறகு ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘இக்னோர்ட்’ சேர்த்து. கமிட் ஆகாத மாற்றங்களும், இதுவரை கிட்டில் சேர்க்காத கோப்புகளும், இக்னோர் செய்தவையும் தெரியும். கடைசியாக ஸ்டாஷ் பட்டியல். ரிமோட் இருந்து, மற்ற மூன்றும் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் அந்தக் கோப்புறை வெறும் நகல்.

கிளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மெர்ஜ்ட்’ (இணைந்துவிட்டவை) பட்டியலை வைத்துக் கிளைகளை அழிக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். உங்கள் குழுவில் ஸ்குவாஷ் முறையில் இணைத்தால் அந்தப் பட்டியல் உதவாது. பல கமிட்கள் ஒன்றாகப் பிசைந்து புதிய கமிட்டாகப் போய்விடுவதால், உங்கள் பழைய கிளை இணைந்ததாகவே கிட்டுக்குத் தெரியாது. அறுபது கிளைகள் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிளையை அழிக்கச் சிறிய ‘டி’ போட்டால் மறுக்கும், கேட்காமல் அழிக்கும் பெரிய ‘டி’ போடப் பயமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுவோம். தவறாக அழித்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். ‘ரெஃப்லாக்’ பார்த்தால் நீங்கள் நின்றிருந்த கமிட்டின் எண் இருக்கும். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்களின் பதிவை இயல்பாக 30 நாள்கள் வைத்திருக்கும்.


மரவட்டை
செவ்வாய், மதியம் 1.10

23 ஸ்டாஷ் என்று படித்ததும் ஓடி வந்தேன். என்னிடம் ஒருகாலத்தில் 40 இருந்தன, பெருமைக்குச் சொல்லவில்லை.

ஸ்டாஷ் ஒரு பரண். விருந்தாளி வரும் அவசரத்தில் கையில் இருப்பதை மேலே தூக்கிப் போடுகிறோம். போடும்போது ‘சாயங்காலம் எடுத்துவிடலாம்’ என்று நினைப்போம். எடுத்தவர் யார்? பெயர் வைக்காமல் போட்டால், ‘மெயின் கிளையில் பாதி வேலை’ என்ற பொருளில் கிட்டே ஒரு வரியை எழுதிவைக்கும். பக்கத்தில் இருக்கும் விளக்கம் நீங்கள் செய்த மாற்றத்துடையது என்று நினைத்துவிடாதீர்கள். அது அதற்கு முந்தைய கமிட்டின் விளக்கம். எனவே பட்டியலைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ரெஃப்லாக்கில் மற்றவை காலாவதியாகும். ஸ்டாஷ் மட்டும் இயல்பாகக் காலாவதியே ஆகாது. நீங்களாக எடுக்கும் வரை பரணிலேயே இருக்கும்.

இன்னொரு கண்ணி: சாதாரணமாக ஸ்டாஷ் செய்தால், கிட்டில் இன்னும் சேர்க்காத புதிய கோப்புகள் அதற்குள் போகாது. ‘யு’ சேர்த்தால்தான் போகும். பாதி மாற்றம் பரணிலும் பாதி தரையிலுமாகக் கிடக்கும்.

எப்படிக் காலி செய்வது: ஒவ்வொன்றாக ‘ஷோ’ போட்டு, ‘பி’ சேர்த்து வேறுபாட்டைப் படியுங்கள். பத்தில் ஏழு, ஏற்கெனவே வேறு வழியாகக் கிளைக்குள் வந்துவிட்டவையாக இருக்கும். சந்தேகமானவற்றுக்கு ‘கிட் ஸ்டாஷ் பிராஞ்ச்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அந்த ஸ்டாஷ் எந்தக் கமிட்டின் மேல் உருவானதோ அங்கிருந்து புதிய கிளை எடுத்து, மாற்றத்தை விரித்து வைக்கும். இரண்டு ஆண்டுப் பழைய மாற்றத்தை இன்றைய நிரல் மேல் திணித்து மோதல்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கைதவறி அழித்துவிட்டால், அழிக்கும்போது திரையில் ஒரு நீண்ட எண் வந்திருக்கும். அதை வைத்து மீட்கலாம், கிட் தன் குப்பையைக் கூட்டாத வரை. எதோடும் சேராத பொருள்களுக்கு இயல்பான தவணை இரண்டு வாரம்.

நான் இப்போது ஸ்டாஷ் செய்வதே அரிது. பாதி வேலையை அப்படியே ஒரு கிளையில் ‘பாதி’ என்று கமிட் செய்து சர்வருக்கு அனுப்பிவிடுகிறேன். அழகில்லை. ஆனால் மடிக்கணினி தண்ணீரில் விழுந்தாலும் அது பிழைத்திருக்கும்.


இரட்டைத்திரை
செவ்வாய், மாலை 6.45

யாரும் ஒன்றைக் கேட்கவில்லையே: ஐந்து நகல்கள் எப்படி வந்தன? சோம்பலில் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. ஒரு கிளையில் ஆழமாக வேலை நடக்கும்போது இன்னொரு கிளையில் அவசரம் வருகிறது. கிளை மாறினால் சார்புகளை (தேவையான நூலகங்களை) திரும்ப நிறுவ வேண்டும், எல்லாம் முதலிலிருந்து தொகுக்கப்படும், பத்து நிமிடம் போய்விடும். ‘பேசாமல் இன்னொரு நகல் இறக்கிக்கொள்வோம்’ என்று கை தானாகப் போகிறது. சரிதானே?

இதற்குத்தான் வொர்க்ட்ரீ. 2015-இல், கிட் 2.5-இலேயே வந்துவிட்டது. ஒரே களஞ்சியம், பல கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளை. வரலாறு ஒரே இடத்தில் இருப்பதால் ஐந்து முறை இறக்க வேண்டாம், ஐந்து முறை ஃபெட்ச் செய்ய வேண்டாம். முக்கியமாக, ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் திறக்க முயன்றால் மறுத்துவிடும். உங்கள் ‘பில்லிங்2’ குழப்பத்தில் பாதி அங்கேயே தடுக்கப்பட்டிருக்கும். கோப்புறைக்குக் கிளையின் பெயரையே வையுங்கள். ‘இதுதான்’, ‘புதியது’ என்பதெல்லாம் மறுநாளே பொய்யாகிவிடும் பெயர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் வொர்க்ட்ரீயில் ‘டாட் கிட்’ என்பது கோப்புறை இல்லை, மூலக் களஞ்சியம் எங்கே என்று காட்டும் ஒருவரிக் கோப்பு. அதைக் கோப்புறை என்றே எதிர்பார்க்கும் சில பழைய கருவிகள் தடுமாறும். நோட் மாட்யூல்ஸும் டாட் என்வும் தானாக வராது. ஒவ்வொன்றிலும் வைக்க வேண்டும். ஸ்டாஷ் பட்டியல் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொதுவானது. ஒன்றில் போட்டது மற்றொன்றில் தெரியும். மரவட்டை சொன்ன பரண் வீட்டுக்கே ஒன்றுதான்.


நத்தைவேகம்
செவ்வாய், மாலை 7.02

வொர்க்ட்ரீயை நீக்கும்போது கவனம். கமிட் ஆகாத மாற்றமோ சேர்க்காத கோப்போ இருந்தால் ‘நீக்க மாட்டேன்’ என்று நிற்கும், நல்ல பிள்ளைதான். ஆனால் இக்னோர் செய்த கோப்புகளை அது கணக்கில் எடுப்பதில்லை. டாட் என்வ் சத்தமில்லாமல் கூடவே போய்விடும். (ஆம், இதுவும் அனுபவம்தான். ஒரே கல்லில் இரண்டு முறை இடறியவன் நான்.)


கறுப்புத்திரை
செவ்வாய், இரவு 10.30

இடப் பற்றாக்குறைப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் 41 கோப்புறையில் அது நிச்சயம் வரும்.

எனக்கு ஒருநாள் ‘வட்டில் இடமில்லை’ என்ற பிழை வந்தது. பார்த்தால் வட்டில் மூன்றில் ஒரு பங்கு காலி. பெரிய லாக் கோப்புகளை அழித்தேன், இன்னும் காலியானது, பிழை போகவில்லை. ‘டிஎஃப்’ கட்டளைக்கு ‘ஐ’ சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில், ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரு ஐநோடு வேண்டும். எத்தனை ஐநோடுகள் என்பது வட்டைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடும். இயல்பான கணக்கு 16 கிலோபைட்டுக்கு ஒன்று. நோட் மாட்யூல்ஸில் இருப்பவையோ ஒன்று, இரண்டு கிலோபைட் கோப்புகள், ஆயிரம் ஆயிரமாக. இடம் தீரும் முன்பே எண்ணிக்கை தீர்ந்துவிடுகிறது. பழைய திட்டங்கள் ஒன்பதின் நோட் மாட்யூல்ஸை அழித்ததும் மூச்சு வந்தது. நோட் பயன்படுத்துபவர்கள் நூலகங்களை நிறுவும் பிஎன்பிஎம் என்ற கருவியைப் பாருங்கள். ஒவ்வொரு தொகுப்பையும் ஒரே பொதுக்கிடங்கில் வைத்துவிட்டு, திட்டங்களுக்கு ஹார்டு லிங்க் மட்டும் கொடுக்கிறது. ஒரே கோப்பு பத்துத் திட்டங்களில் தெரிந்தாலும் வட்டில் ஒன்றுதான்.

செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் தனிக்கதை. ‘சிஸ்டம் டிஎஃப்’ என்று கேட்டால் எது எவ்வளவு இடம் தின்கிறது என்று சொல்லும். ‘சிஸ்டம் ப்ரூன்’ கொடுத்தால் நின்றுபோன கண்டெய்னர்கள், யாரும் பயன்படுத்தாத நெட்வொர்க்குகள், பெயரற்ற இமேஜ்கள் (கண்டெய்னர்களின் அச்சுகள்), பில்ட் கேச் எல்லாம் போகும். இதோடு நிறுத்துங்கள். ‘வால்யூம்ஸ்’ (தரவைச் சேமிக்கும் இடங்கள்) என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்க்கலாம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் கண்டெய்னரை, வால்யூமுக்குப் பெயர் கொடுக்காமல் ஓட்டியிருந்தால், தரவு முழுவதும் ஒரு பெயரில்லாத வால்யூமில்தான் இருக்கும். ப்ரூன் முதலில் நின்றுபோன கண்டெய்னரை நீக்கும். உடனே அந்த வால்யூம் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். அடுத்து அதுவும் போகும். இமேஜ் திரும்ப வரும், தரவு வராது. மேலே பழைய_விசைப்பலகை பிரித்த அதே இரண்டு வகைதான், வேறு வேடத்தில்.

ரஸ்ட் மொழியின் தொகுப்புக் கருவியான கார்கோ ஒரு நல்ல காரியம் செய்கிறது. தன் ‘டார்கெட்’ கோப்புறைக்குள் ‘கேச்டிர் டாட் டேக்’ என்று ஒரு சிறு கோப்பை வைத்துவிடுகிறது. ‘இதற்குள் இருப்பது எல்லாம் திரும்ப உருவாக்கக்கூடியது’ என்று பொருள். அதை மதித்துத் தாண்டிப்போகும்படி, கோப்புகளைக் கட்டிவைக்கும் ‘டார்’ கட்டளையிடம் சொல்லலாம். எல்லாக் கருவிகளும் இப்படித் தன் குப்பையில் தானே பெயர் எழுதிவைத்தால் இந்த இழைக்கே வேலையில்லை.


சூரியகிரகணம்
புதன், காலை 8.15

எக்லிப்ஸ் என்ற எடிட்டரின் காலத்து ஆள் ஒருவன் குறுக்கே வருகிறேன். அங்கே ஒரு திட்டத்தை நீக்கச் சொன்னால் ஒரு பெட்டி கேட்கும்: ‘வட்டில் உள்ளதையும் அழிக்கவா?’ டிக் செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து மட்டும் போகும். டிக் செய்தால் உண்மையாகவே போகும், திரும்ப வராது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியும் இருக்கும். ஒர்க்ஸ்பேஸ் நெரிசலாக இருக்கிறது என்று ஒரு மதியம் எட்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்து, டிக்கும் போட்டு, சரி என்றேன். ஒர்க்ஸ்பேஸ் பளிச்சென்று ஆனது. அவற்றில் மூன்று, ஒர்க்ஸ்பேஸுக்கு வெளியே வேறு கோப்புறையிலிருந்து இணைத்துக்கொண்டவை. அங்கேயும் பளிச்சென்று ஆகிவிட்டது.

பார்வையை ஒழுங்காக்குவதும் வட்டை ஒழுங்காக்குவதும் வேறு வேறு வேலைகள் என்று அதிலிருந்து வைத்துக்கொண்டேன். கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்தால் போதும் என்றால் எக்லிப்ஸில், சில திட்டங்களை மட்டும் காட்டும் ஒர்க்கிங் செட் இருக்கிறது. விஎஸ் கோடு எடிட்டரில் இரண்டு மூன்று கோப்புறைகளை மட்டும் ஒரு ஒர்க்ஸ்பேஸ் கோப்பில் சேர்க்கலாம், தேடலிலிருந்து பில்ட் கோப்புறைகளை விலக்கலாம். அரைப்புள்ளிக்கு உதவக்கூடிய ஒன்று: ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸின் அமைப்பிலும் தலைப்புப் பட்டைக்குத் தனி நிறம் கொடுக்கலாம். என் முதன்மைக் கிளை பச்சை, அவசரத் திருத்தம் சிவப்பு. எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று படித்துப் பார்க்க வேண்டியதில்லை, ஓரக்கண்ணிலேயே தெரிகிறது.


வால்நட்சத்திரம்
புதன், காலை 11.40

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். என்னிடம் எண்பதுக்கு மேல் கோப்புறைகள் இருக்கின்றன. ஒரே மட்டத்தில், எந்த அடுக்கும் இல்லாமல். பெயரில் மூன்று எழுத்தைத் தட்டினால் அங்கே போய்ச் சேரும் கருவி இருக்கிறது. இதுவரை வழிதவறியது இல்லை. ஒழுங்குபடுத்துவது பலருக்கு, கடினமான வேலையைத் தள்ளிப்போட ஒரு கௌரவமான சாக்கு. எனக்கும்தான், கெடு நெருங்கும் நாளில்தான் டெர்மினலின் எழுத்துருவை மாற்றத் தோன்றும்.

அரைப்புள்ளியின் திங்கள்கிழமையைத் திரும்பப் படியுங்கள். 41 கோப்புறை அவரைக் கவிழ்க்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை, அதுதான் கவிழ்த்தது. இரண்டே கோப்புறை இருந்தாலும் இது நடக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளைக்கு ‘ஐ’ சேர்த்து போர்ட் எண்ணைக் (சர்வரை அடையும் வாசலின் எண்) கொடுத்தால், அந்தப் போர்ட்டில் காத்திருக்கும் செயல்முறையின் எண் வரும். லினக்ஸில் அந்த எண்ணை ‘பிடபிள்யூடிஎக்ஸ்’ கட்டளைக்குக் கொடுத்தால், அது எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பத்து நொடி. இதை மூன்றெழுத்துச் சுருக்கக் கட்டளையாக வைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் நிரல் எழுதலாம்.


பழைய_விசைப்பலகை
புதன், மதியம் 12.30

வால்நட்சத்திரம் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை குற்றமில்லை, அடுக்கும் தேவையில்லை. அவருடைய எண்பதில் எதை வேண்டுமானாலும் இன்றே அழிக்க அவர் தயார் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். அரைப்புள்ளியால் முடியாது, ‘தொடாதே’ என்று எழுதி வைத்திருக்கிறாரே.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு காலிக் கோப்புறையில் திட்டத்தைப் புதிதாக இறக்குங்கள். நிறுவும் வழியைச் சொல்லும் ரீட்மீ கோப்பில் இருப்பதை மட்டும், வரி பிசகாமல், புதிதாகச் சேர்ந்த ஆள் போலச் செய்யுங்கள். பழைய கோப்புறையை எட்டிப் பார்க்கக் கூடாது. ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே குறைவது உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் ஒன்று. அதை எழுதுங்கள் அல்லது களஞ்சியத்தில் சேருங்கள். சாவிகளைச் சேர்க்க முடியாது என்றால், பெயர்கள் மட்டும் இருந்து மதிப்புகள் காலியாக உள்ள ஒரு மாதிரிக் கோப்பாவது இருக்கட்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு. நத்தைவேகத்தின் புதன்கிழமை மிச்சமாகியிருக்கும்.

கிறுக்கிப் பார்க்கும் வேலைகளுக்கு ‘சோதனை’ என்று ஒரு கோப்புறை வையுங்கள். அதற்குள் எதுவும் எந்த நேரத்திலும் கேட்காமல் அழிக்கப்படலாம் என்பது உங்களுக்கு நீங்களே கொடுத்த வாக்கு.


தீக்குச்சி
புதன், மதியம் 12.41

ஆக, அழிக்கலாம். திங்கள்கிழமையே சொன்னேன்.


அரைப்புள்ளி
ஞாயிறு, மாலை 5.20

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். கணக்கு இதோ.

பழைய_விசைப்பலகையின் நான்கு கேள்விகளையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டாக எழுதி 41 கோப்புறைகளிலும் ஓடவிட்டேன். 27-இல் ரிமோட் இருந்தது, மற்ற மூன்றும் ‘ஒன்றுமில்லை’, அல்லது இக்னோர் செய்தவற்றில் நோட் மாட்யூல்ஸ் மட்டும். அவற்றை அழித்தேன். அழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. ஐந்தில் ரிமோட்டே இல்லை. அதில் ஒன்று, நான் வாரா வாரம் பயன்படுத்தும் அறிக்கை ஸ்கிரிப்ட். இரண்டு ஆண்டுகளாக ஒரே பிரதியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது சர்வரில் இருக்கிறது.

பில்லிங்கைப் புதிதாக இறக்கி ரீட்மீயைப் பின்பற்றினேன். மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டது. டேட்டாபேஸை உருவாக்கும் ஒரு கட்டளை எழுதப்படவே இல்லை. அந்த ரீட்மீயை எழுதியவர் யார் என்று பார்த்தேன். நான்.

‘தொடாதே’க்கு வருகிறேன். அனுப்பாத கமிட் இல்லை, ஸ்டாஷ் இல்லை, மாற்றம் இல்லை. அழிக்கப்போனேன். இக்னோர் பட்டியலில் மட்டும் ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பு இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு சந்தாதாரர், சந்தா தொடங்கிய தேதி பிப்ரவரி 29. அப்போதுதான் நினைவு வந்தது. ஓராண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும்போது அடுத்த பிப்ரவரி 29-ஐத் தேடிப் போய் நிரல் விழுந்த பிழை அது. அதைத் திரும்ப நிகழ்த்தும் தரவு வேறு எங்கும் இல்லை என்பதால் ‘தொடாதே’ என்று பெயர் வைத்தேன். பிழையைத் திருத்தினேனே தவிர, அதற்கு ஒரு சோதனை எழுதவில்லை. நேற்று எழுதினேன், ஆறு வரி. கோப்புறை போய்விட்டது.

ஐந்து நகல்களுக்குப் பதில் இப்போது ஒரு களஞ்சியம், இரண்டு வொர்க்ட்ரீ. தலைப்புப் பட்டை ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வால்நட்சத்திரத்தின் கட்டளையையும் சுருக்கமாக்கி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையே ஒருமுறை காப்பாற்றியது.

23 ஸ்டாஷ்களில் 18 ஏற்கெனவே கிளையில் வந்துவிட்டவை. மூன்று, கைவிட்ட முயற்சிகள். ஒன்றில் ஒரு முழுத் திருத்தம் இருந்தது: சென்ற மாதம் என் சகா இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திய அதே பிழை. நான் போன ஆண்டே திருத்திப் பரணில் போட்டிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.


மரவட்டை
ஞாயிறு, மாலை 5.48

சொல்லிவிடுங்கள், அவராகக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம். கணக்கில் 22தான் வருகிறதே. இன்னொன்று?


அரைப்புள்ளி
ஞாயிறு, மாலை 6.05

அது போன ஆண்டு ஜூலையில் போட்டது. ஸ்டாஷ் பிராஞ்ச் போட்டு விரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி மாற்றம்: ‘இங்கே வந்துவிட்டேன்’ என்று அச்சிடுகிறது.